முழங்கையில் ஒழுகாத தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. அது நைனாவுடையது. எனக்கு அதில் யாரும் தண்ணீர் தந்ததில்லை. தாகம் என்றால் அம்மா பானையிலிருந்து சொம்பில் மொண்டு வருவாள். எதிரே குந்தச் சொல்வாள். இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைக்கச் சொல்லி, எழுந்து நின்று உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

"வெரல இறுக்கு. சந்து தெரியுது பாரு. முழங்கைய ஒசத்து. முழங்கையில ஒழுவுச்சின்னா நீ தோத்துட்ட."

மூன்று வயதிலேயே இந்த விளையாட்டு தொடங்கியிருக்க வேண்டும். தோற்ற நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. என் நினைவு தொடங்கும்போதே நான் கெட்டிக்காரியாக இருந்தேன். ஒரு சொட்டு கீழே விழாது. கை ஒரு பாத்திரம், உதடு அதன் விளிம்பு, மேலிருந்து வருவது ஒரு கயிறு போன்ற தண்ணீர். அதைப் பிடித்து ஏறி எங்கேயோ போய்விடலாம் என்று தோன்றும்.

"கையில குடிச்சாதான் இனிக்கும். டம்ளர்ல குடிச்சா டம்ளர் வாசனதான் வரும்" என்பாள் அம்மா.

நான் நம்பினேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வரும் நைனா, சுவரில் சாய்ந்துகொண்டு டம்ளரில் குடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

"நைனாவுக்கு மட்டும் ஏன்மா டம்ளரு?"

"அவரு கை காப்பு காச்சிப் பூட்சி. அந்தக் கைக்கு ருசி இன்னா தெரியும்?"

நைனா டம்ளருக்குள்ளேயே சிரிப்பார். அது சிரிப்பில்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது.

நாங்கள் இருந்த இடத்துக்கு ஊர் என்று பெயர் கிடையாது. ஊர் என்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். "ஊருக்குப் போய்ட்டு வரேன்" என்று அம்மா கிளம்பினால் ரயிலேறப் போகிறாள் என்று அர்த்தமில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த பெரிய வீட்டுக்கு மாட்டுக்கொட்டகை கூட்டப் போகிறாள். நாற்று நடும் நாட்களில் அதே வீட்டின் வயலில் நிற்பாள். அந்த வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

பள்ளியில் சேர்த்த வாரம், நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நைனாவும் அம்மாவும் பேசியதைக் கேட்டேன்.

"எம்மாம் நாளிக்கிமே இந்த வெளாட்டு? வேற எவனாச்சும் சொல்றதுக்கு முன்னால நாம சொல்லிடணும்."

"அஞ்சாவது முடியட்டும்யா."

"அதுவரிக்கும் ஊரு கம்னு குந்தினு இருக்குமா?"

"தெரிஞ்சா தல குனிஞ்சிக்கும். குனிஞ்ச தலையில பட்ப்பு ஏறாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும், அது அஞ்சாவது வரிக்கும் நிமுந்துகினு போவட்டும். அப்பறம் நானே சொல்றேன். என் வாயால சொல்றேன்."

எதைப் பற்றிய பேச்சு என்று புரியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தால் எனக்கு ஏதோ பரிசு இருக்கிறது, அதைத்தான் ஒளித்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன். பாவாடையோ, கண்ணாடி வளையலோ. அந்த நினைப்பிலேயே ஒழுங்காகப் படித்தேன்.

பள்ளிக்கூடத்துப் பானை வாசற்படி ஓரம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தாங்களே மொண்டு டம்ளரில் குடிப்பார்கள். எங்களுக்கு மட்டும் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் எட்டி நின்று ஊற்றுவான். எனக்கென்று ஒருவன் வேலை மெனக்கெட்டு ஊற்றுகிறானே என்று பெருமையாக இருந்தது. மற்ற பிள்ளைகளைப் பார்த்தால் நைனா ஞாபகம் வரும். பாவம், டம்ளர் வாசனை.

அம்மா எத்தனை கச்சிதமாகச் செய்துவிட்டாள் பாருங்கள். வெளியே காத்துக்கொண்டிருந்ததை முன்னாலேயே போய் அழைத்து வந்து, வீட்டுக்குள் உட்கார வைத்து, அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்து, என் கையில் கொடுத்துவிட்டாள். வாசலில் அது என்னைக் கடிக்காமல் இருப்பதற்காக, வீட்டில் அதை எனக்குப் பழக்கினாள். இதை அன்பு என்பதா? வேறு என்னவென்று சொல்வது? யோசிக்க யோசிக்க நாக்கில் வேப்பங்கொழுந்து.

பெரிய வீட்டுப் பெண்ணும் நானும் பள்ளி விட்டால் அவர்கள் பம்புசெட் வழியாகத்தான் வருவோம். மோட்டார் ஓடினால் குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளைத் தூணாக விழும். ஒரு நாள் அவள் குனிந்து வாயை நேரே வைத்து மூக்கில் ஏற்றிக்கொண்டு தும்மினாள்.

"எருமைக்கன்னு மாரி குடிக்கிற. கையில குடி. இனிக்கும்" என்றேன்.

"போடி. தண்ணி எங்கியாச்சும் இனிக்குமா?"

"உனுக்குத் தெரியாது. உங்க ஊட்ல டம்ளரு."

என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லாதது, அது ஒன்றுதான். அவள் விரல்களைப் பிடித்து நானே ஒன்றோடொன்று சேர்த்தேன். சதைப்பிடிப்பான விரல்கள், இறுக்கத் தெரியாதவை. முதல் நாள் முழங்கை வழியாக ஒழுகிப் பாவாடை முழுக்க நனைந்தது. "தோத்தாங்கோளி" என்று கத்தினேன். மறுநாளும் ஒழுகியது. அவள் விடவில்லை. பிடிவாதக்காரி. மணிக்கட்டை நான் தாங்கிப் பிடிக்க, ஒரு நாள் சொட்டு விழாமல் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமாடி. இனிக்குது."

வாழ்க்கையில் நான் யாருக்கும் எதையும் அத்தனை முழுசாகக் கற்றுக் கொடுத்ததில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான். ஊத்துக்கோட்டையிலிருந்து அவள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் பந்தி. அவளுக்கு வெள்ளி டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அவள் அதைத் தள்ளிவிட்டு, இலைக்கு முன்னால் குந்தி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, "கையில ஊத்தும்மா, அப்பதான் இனிக்கும்" என்றாளாம். விரலில் சந்தில்லை. முழங்கை சரியான உயரத்தில் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாராம்.

மறுநாள் உச்சி வெயிலில் அம்மாவையும் என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. பின்பக்கமாகப் போனோம். கிணற்றடியில் அந்த வீட்டம்மா நின்றிருந்தார். பக்கத்தில் அவள், எனக்குப் பாடம் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுக்கிற மாதிரியான முகத்தோடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டம்மா கத்தவில்லை. குரலை உயர்த்துகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, தேவைப்பட்டதில்லை.

"உம் பொண்ணு எம் பொண்ணுக்கு இன்னா பழக்கம் பழக்கியிருக்குது தெரியுமா?"

"தெரியும்மா. கொழந்தைங்க. தெரியாம வெளாடிச்சிங்க."

"வெளாட்டா? நாலு பேரு முன்னால எங்க மானம் போச்சு. நீ உம் பொண்ணுக்கு ஒண்ணும் சொல்லல போலக்குது."

அம்மா தரையைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா அது எங்க நிக்கணுமோ அங்க நிக்கும். சரி, இப்ப சொல்லு. ஏன் கையில குடிக்கிறீங்கன்னு. எம் பொண்ணும் கேட்டுக்கட்டும்."

"ஊட்டுக்குப் போயி சொல்லிக்கிறேம்மா."

"இங்கியே சொல்லு."

அம்மா ஐந்தாம் வகுப்புக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் வேறாக இருந்திருக்கும். எத்தனை நாள் மாட்டுச் சாணம் அள்ளிக்கொண்டே அவற்றை அடுக்கியிருப்பாள்? எங்கே உட்கார்ந்து சொல்வது, சொல்லும்போது என் தலையைத் தடவலாமா, அழுதால் என்ன தருவது. நான் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டம்மாவின் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க தொட்டா உங்க சொம்பு தீட்டும்மா. அதனால கையில குடிக்கிறம்."

அவ்வளவுதான். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

எனக்கு உடனே புரிந்தது என்று சொல்லமாட்டேன். புரிய வைத்தது தோழி. அவள் யோசித்தாள். வகுப்பில் கணக்குக்கு விடை வரும்போது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படி. பிறகு அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"அப்ப அது என் கையப் புடிச்சிச்சே?"

கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பாவாடையில் துடைத்தாள். முதலில் வலது கை, அப்புறம் இடது கை, விரல் விரலாக. நேற்று வரை நான் சேர்த்து வைத்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் என்னை வெறுத்துத் துடைக்கவில்லை. மண் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் துடைப்போமே, அவ்வளவு இயல்பாகத் துடைத்தாள். வெறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

காரியம் முடிந்ததும் வீட்டம்மாவுக்கு இரக்கம் வந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சொம்போடு எட்டி நின்றார். அம்மா குந்திக் குடித்தாள். அடுத்து நான். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. கைகள் தாமாகச் சேர்ந்தன, விரல் இறுகியது, முழங்கை உயர்ந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. உப்புக் காற்று அடிக்கிற எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது. அது கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை. இத்தனை வருடமாகியும் அந்த இனிப்பை மன்னிக்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் நைனா வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் டம்ளரில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே இதுல குடி."

குடித்தேன். அம்மா சொன்னதில் ஒன்று உண்மை. டம்ளர் வாசனைதான் வந்தது.

பள்ளியை விடவில்லை. பானை பக்கம் போவதை விட்டேன். வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். ஐந்தாம் வகுப்பு முடித்த அன்று பரிசு எதுவும் இல்லை. அது முன்கூட்டியே வந்துவிட்டது. தலை குனிந்ததா என்று கேட்டால், படிப்பு ஏறியது. குனிந்த தலையிலும் ஏறும். அம்மா நினைத்தது தப்பு.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கின. முந்திரிக் காடுகள் போய்ப் புகைபோக்கிகள் நின்றன. இனிமேல் சங்கு ஊதினால் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட், யார் யாரைக் கேட்கப் போகிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். இரும்புப் பட்டறையில் அவருக்கு வேலை. வாடகைக்கு வீடு பார்த்து நடந்த தெருக்களில் எல்லோரும் கேட்டார்கள். "இன்னா ஆளுங்க நீங்க?" என்று நேராகக் கேட்டவர்கள் மரியாதைக்காரர்கள். மற்றவர்கள் எந்த ஊர், எந்தப் பக்கம், யாருடைய வயலுக்குப் பக்கத்தில் என்று சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே நின்றார்கள். கடைசியில் எங்கள் ஆட்கள் இருந்த தெருவிலேயே வீடு கிடைத்தது. வாசலுக்கு எதிரே தெருக்குழாய்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா பார்க்க வந்திருந்தாள். மகள் ஆடிவிட்டு ஓடி வந்து குழாயடியில் குனிந்து கையேந்திக் குடித்தாள். அவளுக்கு அந்த வித்தை தெரியவில்லை. விரலெல்லாம் சந்து. முழங்கை வழியாக ஒழுகிச் சட்டை நனைந்தது. அம்மா சட்டென்று எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒசத்தும்மா கண்ணு. வெரல இறுக்கு."

"வேணாம்மா. ஒழுவட்டும் வுடு" என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, அம்மா சுட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா வேணாம்?"

எந்த வயதில் சொல்வது என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் பலமுறை பேச்சு நடந்திருந்தது. ஐந்து சின்ன வயசு என்பார் அவர். எந்த வயசு பெரிய வயசு என்பேன் நான். கிணற்றடியில் யாரோ சொல்லு என்று அதட்டாமல், என் வீட்டு வாசலில், மகளின் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்கிற ஒரு நேரம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்காதது. சொன்னேன். பம்புசெட், வெள்ளி டம்ளர், சொம்பு, துடைத்த கை. அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தடுக்கவில்லை.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு அது மின்னாடியே தெரியாதா?"

"தெரியாது. அன்னிக்கிதான் அதுக்கும் தெரியும்."

"யாரு சொன்னது அதுக்கு?"

"உங்க ஆயாதான்."

"அவங்க அம்மா ஏன் சொல்லல?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்ல வேண்டியது நாங்கள்தான் என்பது எனக்குள் அத்தனை ஆழத்தில் கிடந்தது. அவர்கள் பிள்ளைக்கும் எங்கள் வாயால்தான்.

மகள் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், வெற்றுடம்போடு மறுபடி குழாயடிக்கு ஓடினாள். மறுபடி முழங்கை வழியாக ஒழுகியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவள் கைகள் இரண்டும் தாமாகச் சேர்ந்திருந்தன. விரல்களுக்கு நடுவே ஒரு சந்து இல்லை.