டேப் ஒட்டின பாட்டில்

நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால், இங்கிருந்து நம் தமிழ் ஊருக்கு ஏதாவது அனுப்பவேண்டும் என்றால் நான் ஸ்டேஷனுக்குத்தான் போவேன். சென்னை வண்டியில் பெட்டி பெட்டியாக நடந்து, தமிழ்ப் பேச்சு கேட்கிற இடத்தில் நிற்பேன்.

"அண்ணே, சென்ட்ரல்ல என் தம்பி வந்து வாங்கிக்குவான்."

"தின்கிற சாமானா? அப்ப பாதிதான் போய்ச் சேரும், சொல்லிட்டேன்!"

பேர்கூடக் கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஒன்றும் தொலைந்ததில்லை.

அப்புறம் எங்கெங்கோ ரயிலில், மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. ஒரு பை, ஒரு டிபன் பாக்ஸ், அதற்குள்தான் வைத்தார்களாம். தெரியாதவர் தருவதை வாங்காதீர்கள் என்று ஸ்டேஷனில் மூன்று பாஷையில் சொன்னார்கள். நானும் உங்களுக்கு அதையேதான் சொல்லி வளர்த்தேன்.

போன தை மாதம், சென்னை ஹாஸ்டலிலிருந்து உங்கள் அக்கா போன் பண்ணினாள். "அப்பா, இந்த வருஷம் நோலேன் குர் வாசனைகூடக் கிடைக்கலை." இங்கே குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்ச வெல்லப் பாகு, அவளுக்கு உயிர். ஒழுகும் என்று கூரியர்காரர் வாங்க மறுத்தார். சென்னை வண்டி புறப்படுகிற சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போனேன். பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கறுப்பு டேப்பால் இறுக்கி ஒட்டியிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஜன்னலோரம் ஒரு தமிழ்த் தம்பதி. விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பொட்டலத்தைப் பார்த்தார், மடியில் தூங்கிய குழந்தையைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றார் கணவரிடம்.

"பிரிச்சே காட்டுறேன்மா." டேப் வரவில்லை. பல்லால் கடித்தேன். எதிர் சீட்டுக்காரர் எழுந்து தள்ளிப்போய் நின்றார். மூடி திறந்ததும் பெட்டி பூராவும் வாசனை. அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல பாகுதான் சார்," என்றார் கணவர். "ஆனா தப்பா நினைக்காதீங்க."

இறங்கிவிட்டேன். கோபமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால், உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்கியிருப்பேனா? மாட்டேன். அதை நினைத்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

போலீஸ், ஸ்கேனர் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த எனக்கு, அந்த நாளில் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. எந்தப் பெட்டியில் ஏறினாலும் கைநீட்டி வாங்க ஒரு அண்ணன் இருப்பார். அவரைத்தான் இன்னும் தேடுகிறேன்.

பாட்டில் பிரிட்ஜில் இருக்கிறது. தோசைக்குக் கொஞ்சம் கொடு என்று தினமும் நச்சரிக்கிறீர்கள். தொடாதீர்கள். அக்கா பரீட்சை முடிந்து வரட்டும்.