கதவைத் திறந்தால் நிற்க வேண்டும்

மைக்ரோவேவ் அடுப்பு விஷயத்தில் வீட்டில் எல்லோரையும் பேஜார் பண்ணுகிற ஆள் நான். ஒப்புக்கொள்கிறேன். எவர்சில்வர் டம்ளர் அதற்குள் போகவே கூடாது. பார்சல் சாப்பாட்டைச் சுற்றி வரும் சில்வர் தாளைப் பிரிக்காமல் வைக்கக் கூடாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டில் தட்டுக்குத் தட்டு தங்க நிற ஓரம் உண்டு. ஒருமுறை அதில் ஒன்று உள்ளே போய்ப் பொறி கிளம்பியதிலிருந்து, மொத்த செட்டும் ஷோகேஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். தண்ணீரை அதிக நேரம் சுட வைத்தால், கொதித்த அடையாளமே இல்லாமல் சாதுவாக இருந்துவிட்டு, காபித்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். இதையெல்லாம் கேட்பவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டம் இல்லை. கீழ்க்கட்டளை வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் சர்ச் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே முதல் நாள் குழம்பைச் சூடு பண்ணி டப்பாவில் அடைத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஸ்டவ்வுக்கே நீங்கள் இவ்வளவு பயந்தது இல்லை, இந்தப் பெட்டிக்கு மட்டும் எதற்கு இந்த ஜெபம் என்று கேலி செய்வாள். நான் பதில் சொல்ல மாட்டேன். பதில் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம்தான் பதினோரு வருஷமாக இல்லை.

மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, அவன் பிரஸ் மெஷின் ஓட்டினான். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அழுத்தி வடிவம் கொடுக்கிற மெஷின் அது. அந்த அச்சுக்குத்தான் அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஞாயிறு காலை டூட்டி முடிந்து பெரும்பாக்கம் வீட்டுக்குப் போகிறவன், எதிர்த்திசையில் சைக்கிளை மிதித்து முதலில் என் வீட்டுக்கு வந்துவிடுவான்.

வந்தால் ஒரு டீ. அந்த ஒரு டீயை அவன் குடித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு வாய் குடிப்பான், பேசுவான், டீ ஆறிவிடும். எழுந்து போய் மைக்ரோவேவில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்து உட்காருவான். மறுபடி பேச்சு. மறுபடி ஆறும். மூன்று தடவை நிச்சயம். எவர்சில்வர் டம்ளர் கூடாது என்பதால் அவனுக்கென்றே ஒரு பீங்கான் கோப்பை வாங்கினோம். மூன்று விரலில் பிடிக்க வசதியாக அகலமான பிடி வைத்தது. "இன்னா மச்சான், மாப்ள கோப்பை மாதிரி கீது" என்று அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அவன் கை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது.

அந்தப் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு காவல் கதவு உண்டு. கதவு மூடியிருந்தால்தான் மெஷின் இறங்கும். திறந்தால் நின்றுவிட வேண்டும். அதைக் கண்டுபிடித்து மெஷினுக்குச் சொல்ல ஒரு சின்ன ஸ்விட்ச். அன்றைக்கு அந்த ஸ்விட்ச் கோளாறு. கதவு மூடியிருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷின் நின்றது. புது ஸ்விட்ச் ஸ்டோரில் இல்லை. உருப்படிக் கணக்கு குறைகிறதென்று சூப்பர்வைசர் என் தலையில் ஏறி உட்கார்ந்தார். அந்த ஸ்விட்சே இல்லாத மாதிரி பண்ணிவிடு, டெம்பரரிதானே, ஓட்டுகிறவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பேனலைத் திறந்து, மின்சாரம் ஸ்விட்சைத் தாண்டிப் போகும்படி ஒரு ஜாண் வயரில் ஜம்பர் கொடுத்தேன். கதவு திறந்தாலும் மூடினாலும் மெஷினுக்கு இனி ஒன்றுதான். வேலை இரண்டு நிமிஷம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பி ஷிப்ட் டீ பிரேக் முடிந்து ஆள் மாறியது. அந்த மெஷினுக்கு அவன் வந்தான். சூப்பர்வைசர் சொல்லவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. கற்றுக்கொடுத்தபடியே கதவைத் திறந்துவிட்டுக் கையை உள்ளே விட்டான்.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினார்கள். நான் பேனலுக்கு ஓடினேன். வயரைப் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மெஷின் சொன்னபடி நின்றது. பக்கவாட்டில் கையை விட்டிருக்கிறான், கவனக்குறைவு என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட முடியாத அவன், படுக்கையிலிருந்தே அந்தக் காகிதத்தில் இடது கைக் கட்டைவிரலை உருட்டிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தான்.

"கதவ தொறந்தேன் மச்சான். சத்தியமா தொறந்தேன்" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னான். நான் தலையைக் குனிந்து அவன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவியிடமும் சொல்லியிருக்கிறான். அவள் நம்பவில்லை. கம்பெனியிலிருந்து வந்தவர்கள் காகிதத்தைக் காட்டி விளக்கியிருந்தார்கள். மெஷின் பொய் சொல்லுமா என்பது அவள் கேள்வி. அதிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் கவனங்கெட்டவன். வெந்நீர்ப் பாத்திரத்தை அவன் கையில் தர மாட்டாள். மகளை அவன் பின்னால் வண்டியில் உட்கார விட மாட்டாள். வண்டியையே பிறகு விற்றுவிட்டார்கள். இதையெல்லாம் என் வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்வான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பெயர் மீளும். சொல்லவில்லை. முதலில் வேலை போய்விடும் என்று பயம். ரிட்டயர் ஆன பிறகு, இனி சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும் என்று பயம்.

பெட்டிக்கு நான் செய்த ஜெபம் இதற்குத்தான்.

இத்தனையும் தெரிந்த நான் போன மாதம் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மைக்ரோவேவ் பாதியில் நிற்க ஆரம்பித்தது. கதவை அழுத்திப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். கதவு ஸ்விட்ச்தான். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், அந்த மாடலுக்கு ஸ்விட்ச் வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றான். மனைவி காலையில் கதவை முழங்கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முப்பது வருஷம் பேனல் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று தோன்றியது. திருகாணியைக் கழற்றினேன். எப்படிச் செய்தேன் என்று எழுத மாட்டேன், யாரும் செய்ய வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஆளைச் சாகடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். ஊருக்குத்தான் உபதேசம். மூடி மாட்டிய பிறகு, கதவு திறந்திருந்தாலும் அடுப்பு ஓடும் என்கிற நிலை. டெம்பரரி. தொழிற்சாலையில் டெம்பரரியாகச் செய்ததுதான் நிரந்தரமாக இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. மணி அடித்த பிறகு பத்து எண்ணிவிட்டுக் கதவைத் திற என்று மட்டும் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் கதவிலும் ஒட்டினேன். காவலைக் கழற்றிவிட்டு நோட்டீஸ் ஒட்டுவது எங்கள் பழைய வழக்கம். கணக்கு டீச்சர், சொன்னபடி தினமும் பத்து எண்ணினாள்.

அடுத்த ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அவன் வந்தான், டீ ஆறியது, கோப்பையோடு எழுந்து போனான். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் நோட்டீஸைப் படிக்கவில்லை. அந்த பீப் சத்தம் அவனுக்குப் பிடிக்காது. மணி அடிக்க நாலைந்து வினாடி இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுவான். இந்த அடுப்பு வாங்கிய நாலு வருஷமாக அப்படித்தான் திறக்கிறான். அது எனக்குத் தெரியும். எனக்கு அது ஞாபகம் வந்தபோது கதவு திறக்கிற சத்தம் கேட்டுவிட்டது. அடுப்பின் உறுமல் நிற்கவில்லை.

ஓடினேன். அவன் வலது கை உள்ளே இருந்தது. கோப்பையைத் தொட்டிருக்கிறான், அடியில் தட்டு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ப்ளக்கைப் பிடுங்குவதற்குள் அவனே கையை வெளியே இழுத்துவிட்டான். அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் அவனுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை.

அவன் திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கும் இப்டித்தான் மச்சான். தொறந்தேன், நிக்கல."

நான் கோப்பையை எடுத்து மேடையில் வைத்தேன்.

"பி ஷிப்ட்ல எலக்ட்ரீஷியன் நீ ஒரு ஆள்தான?"

தெரியுமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நான் தலையைக் குனிந்தபோதே தெரியும் என்றான். பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நான் கேட்டு நீ சொன்னா அது இன்னாத்துக்கு? நீயா சொல்லுவன்னு பாத்துகினு கீறேன். வாரா வாரம் எதுக்கு வரேன்னு நெனச்ச, டீக்கா?"

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. பதினோரு வருஷத்து ஞாயிறுகள், ஆறிப்போன அத்தனை டீ, ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்து போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் எதிரில் மறுபடி உட்கார்ந்தது, எல்லாம் நான் வாயைத் திறக்கட்டும் என்று கொடுத்த நேரம். நான் கிரிக்கெட் பற்றிப் பேசியிருக்கிறேன். பல்லாவரம் டிராஃபிக் பற்றிப் பேசியிருக்கிறேன்.

சொன்னேன். சூப்பர்வைசர், வயர், பேன்ட் பாக்கெட், எதையும் விடாமல். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், தன்னிடம் சொல்லி என்ன புண்ணியம், தனக்குத்தான் தெரியுமே என்றான்.

"எங்க வூட்ல வந்து சொல்லு."

என் மனைவி சர்ச்சிலிருந்து வரும்வரை காத்திருந்து அவளிடமும் சொன்னேன். அவள் முதலில் அவன் கையைப் பார்த்தாள். பிறகு கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். "பத்து எண்ணச் சொன்னது இதுக்கா?" என்றாள். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அந்தப் பெட்டியையும் அன்றே வெளியே எடுத்து வைத்து, யாரும் எடுத்துப் போய் ஓட்டிவிடக் கூடாதென்று என் கையாலேயே அதன் வயரை வெட்டச் சொன்னாள். வெட்டினேன்.

பெரும்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனோம், அவனும் நானும். அவன் சைக்கிளை என் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, சாவியை மடியில் வைத்திருந்தான். நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, படி ஏறினோம். அவன் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்று கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளும் கேட்கட்டும் என்று நின்றபடியே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. சொல்லி முடித்தபோது, அவன் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனையே பார்த்தாள்.

"அப்போ நீ கதவ தொறந்துட்டுத்தான் கைய வெச்சியா?"

"ஆமா" என்றான் அவன். "அதத்தான அன்னிக்கே சொன்னேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் டீ போட்டாள். கொதிக்கக் கொதிக்க மூன்று டம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்தாள். எடுத்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. அடுப்படியிலிருந்தே அவனைக் கூப்பிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தையே தராத அவன் கையில் தட்டைக் கொடுத்தாள்.