சுதாராணி மகனின் காவல் முறை

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர் தலைச்சோலையில் சுதாராணி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. சித்தன் மகள், சிங்கப்பூருக்குப் போனவள் என்று சொன்னால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். எனக்கு அவள் தங்கை மகள், நான் அவளுக்குப் பெரியம்மா. தங்கை பொன்னாயியைத்தான் சித்தனுக்குக் கட்டிக் கொடுத்தோம். மூத்தவன் ஐயாக்கண்ணு, நடுவில் சுதா, கடைசி தனபால். தங்கையும் சித்தனும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது.

சித்தனின் அப்பா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மழை பொய்த்த வருஷத்தில் மலையேறி வந்தவர். எஸ்டேட்டில் கூலிக்கு இருந்துவிட்டு, ஊர் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் பிடித்துக் காப்பி நட்டார். அந்தப் பக்கத்து வீடுகள் கொஞ்சம்தான். மேற்கே ஒரு பெரிய எஸ்டேட், கிழக்கே ஒன்று. பஸ் ரோட்டுக்குப் போகும் வழி ஒருவர் நிலத்தில், குடிக்கிற தண்ணீர் இன்னொருவர் ஓடையில். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்தால் காப்பி கொடுப்பார்கள், கல்யாணத்துக்குப் பாக்கு வைப்பார்கள். ஆனால் தங்கள் காப்பிப் பழத்துக்குக் காவல் மட்டும் அவர்களிடம் கேட்கமாட்டார்கள். எஸ்டேட் வாட்ச்மேன் எஸ்டேட்டைத்தான் பார்ப்பான், இல்லையா? அதனால் பழம் காயப்போடப் பொதுவில் ஒரு களம். மார்கழியும் தையும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் காவல் நிற்பார்கள். பகலில் குரங்கு, இருட்டினால் காட்டெருமையும் திருடனும்.

சித்தனின் அப்பா குடிவந்தபோது எந்த ஊர், யார் சொந்தம் என்றெல்லாம் விசாரித்தார்களாம். கடைசியில் கேட்டது இதுதான்: "உங்க ஊட்ல இருந்து காவலுக்கு யாருங்க வருவீங்க?"

அந்த முறைக்குப் போனவன்தான் ஐயாக்கண்ணு. மீசை அரும்பின வயது. காட்டெருமை ஒன்று களத்துக்குள் வந்துவிட்டது. இவன் களத்தைச் சுற்றியிருந்த கல்மதில்மேல் ஏறினான், கல் சரிந்தது. விடியற்காலையில் தூக்குப்போசியில் காப்பி கொண்டுபோன சுதாதான், மதிலடியில் கிடந்த அண்ணனை முதலில் பார்த்தவள். அப்போது அவளுக்குப் பாவாடை சட்டை வயசு. இன்றைக்கும் ஐயாக்கண்ணு ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

சுதாவை மாரமங்கலத்து வசந்துக்குக் கொடுத்தோம். அவன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை வேலைக்குச் சிங்கப்பூர் போனவன். உழைத்து மேலே வந்தான், அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் கிடைத்தது. இவளையும் கூட்டிக்கொண்டான். பையன் கார்த்தி அங்கேதான் பிறந்து வளர்ந்தான். இவள் ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் வேலை செய்தாள்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. பையன்கள் படிப்பு முடித்த கையோடு இரண்டு வருஷம் பட்டாளத்தில் இருக்க வேண்டும். தங்கும் உரிமை வாங்கிய அப்பனுக்கு அது இல்லை. அவன் மகனுக்கு உண்டு. கார்த்திக்கு மாசி மாதத்தில் வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது.

சுதா புருஷனிடம், "சேர்வராயனுக்கு மொட்டை வேண்டியிருக்குது, பட்டாளத்துக்காரன் வெட்டறதுக்கு முன்னால சாமிக்குக் குடுத்துட்டு வந்தர்றோம்" என்றாள். வேண்டுதல் உண்மைதான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக வேண்டிக்கொண்டது. ஆனால் தம்பி தனபாலிடம் போனில் சொன்னது வேறு. சேலத்தில் ஒரு காலேஜில் இடம் பார்த்து வை என்று சொல்லியிருந்தாள். திரும்பக் கூட்டிக்கொண்டு போவதாக அவள் வரவே இல்லை. போகாவிட்டால் பையன் இனி அந்த நாட்டில் போய்ப் பிழைக்க முடியாது, வசந்தின் இருப்புக்கும் தொல்லை வரலாம். அதெல்லாம் தெரிந்துதான் வந்தாள். மதிலடி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வந்த அன்றைக்கு அடுப்படியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தனபால் ஏற்காட்டில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

"நம்ம பாஸ்போர்ட்டு, நம்ம பையன். அடுத்தவன் நாட்டுக்கு எதுக்குக்கா துப்பாக்கி தூக்கோணும்? அதென்ன பெரிய நாடு, நம்ம சேலம் ஜில்லாவுல ஒரு மூலைக்குக் காணாது!"

"மூலைக்குக் காணாதுன்னுதாண்டா ஊட்டுக்கு ஊடு கூப்புடறான்" என்றான் ஐயாக்கண்ணு.

கார்த்தி மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னான்: "ஆமாம் பெரிய மாமா. தண்ணியில பாதி பக்கத்து நாட்டுலேர்ந்து பைப்புல வருது. சுட்டுப் பழகக்கூட எடம் பத்தாது. ஆஸ்திரேலியா, தைவான்னு எடம் கேட்டுப் போய்ப் பழகுறாங்க."

"சுட்டுப் பழகறதுக்கே அடுத்தவன் காடா? நல்லாருக்குது போ!" என்று சிரித்தான் தனபால்.

"சிரிக்காதடா" என்றாள் சுதா. "எங்க பள்ளிக்கூடத்துல வருசத்துல ஒரு நாளு பிள்ளைகளுக்குக் கெழங்கு அவிச்சுக் குடுப்போம். அந்தக் காலத்துச் சண்டையில நாடு தோத்தப்ப சனங்க இதத்தான் தின்னாங்க, மறந்துராதீங்கன்னு. அந்த நாட்டுக்காரங்க பெரிய நாடு எல்லாத்துக்கிட்டயும் சிரிச்சுப் பேசுவாங்க, கூட சேந்து பழகுவாங்க. ஆனா ஒருத்தர நம்பி ஊட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கமாட்டாங்க."

"அப்பறம் என்ன, நல்ல நாடுதானே? பையனைக் குடுத்துரு" என்று தனபால் சீண்டினான்.

"என்ற மகன் மட்டும்தான் கெடச்சானா?" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். கார்த்தியைக் கேட்டால் "அம்மா சொன்னா சரி" என்பான், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் வசந்த் போனில் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதும், இவள் நல்ல நாள் பார்க்கிறோம் என்று தள்ளுவதுமாக இருந்தது.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக் காவேரி வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க தனபாலு, இன்னிக்கு உங்க ஊட்டு முறைங்க. வெய்யலுக்கு முன்னால வந்துருங்க, பழம் நொம்பக் கெடக்குது."

"எனக்கு ட்ரிப்பு இருக்குதுங்க" என்றான் தனபால், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "இந்த வருசம் நாங்க காயப்போடாம பழமாவே வித்துப்போட்டோம். களத்துல நம்முளுது ஒண்ணும் இல்லீங்க. இல்லாததுக்கு எதுக்குங்க காவலு?"

"போன வருசம் உங்க பழம் காஞ்சப்ப என்ற ஊட்டுக்காரரு நின்னாருங்க. அப்ப எங்குளுது ஒரு கொட்டை களத்துல இல்லீங்க." காவேரி குரலை உயர்த்தவில்லை. "இருக்கட்டுங்க. வேன் ஓட்டற தொரைக்குக் களம் எதுக்கு? வேன் போற வழி மட்டும் ஊரு வழியா இருந்தாப் போதும்."

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு சுதா வெளியே வந்தாள். அப்படி ஒரு கோபத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை.

"டேய், அண்ணன் காலைக் குடுத்து நின்ன முறைடா இது! அவன் கெடையில கெடந்தப்பக்கூட அப்பன் முறைய உடல. அடுத்த வாட்டி அவரே போயி நின்னாரு. பஞ்சம் பொழைக்க வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தாங்க, வழி குடுத்தாங்க. எல்லாத்தையும் வாங்கித் தின்னுபோட்டு, நம்ம பங்குன்னு வர்றப்ப நம்முளுது ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லுவியா? வெக்கமா இல்ல?"

சொல்லி முடித்தபோதுதான் மகன் பக்கம் திரும்பினாள். சுவரோரம் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்த கார்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பிடிச் சொல்லுங்க அம்மணி" என்றாள் காவேரி. பாவம், சுதா மகனை எதற்குக் கூட்டிவந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

தனபால் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐயாக்கண்ணு தடியை எடுத்தான். "நம்ம ஊட்டு முறைக்கு நான் போறேன்."

"நானும் வர்றேன் பெரிய மாமா" என்று கார்த்தி எழுந்தான். சுதா தடுக்கவில்லை. 

மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு அவளும் நானும் களத்துக்குப் போனோம். கார்த்தி பேண்டைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். ஐயாக்கண்ணு குரங்குகளைக் கெட்ட வார்த்தையில் விரட்டிக்கொண்டிருந்தான். சுதா மதிலைப் பார்த்தாள், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு உன்னை அனுப்புனதுக்கு அப்பன் மேல உனக்குக் கோவமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா? மழை புடிச்சா இன்னும் கொடையுது." காலை நீவிக்கொண்டான். "ஆனா அனுப்புனதுக்கு இல்ல. நீ அழுதே, ஆத்தா அழுதா, அப்பறம் அப்பன் என்னை ஒரு நாளும் களத்துப் பக்கம் உடவே இல்ல. நான் நடக்க ஆரம்பிச்ச பொறவும் உடல. ஊட்டு முறைன்னா எனக்கு இல்லைன்னு ஆயிப்போச்சு. அதுக்குத்தான் அவருகிட்ட நான் நொம்ப நாள் பேசல."

இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொல்லி நானும் கேட்டதில்லை.

சோறு தின்ன வந்த மகனிடம், முதல் தடவையாக அவள் கேட்டாள். "உனக்கு என்ன கண்ணு வேணும்?"

கார்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "என்கூடப் படிச்சவங்க எல்லாரும் போறாங்கம்மா. நான் போகலைன்னா என்னைத் திட்டமாட்டாங்க. என்னைப் பத்திப் பேசவே மாட்டாங்க. அதான்."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்குது சாமி" என்று சொல்லி அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் வசந்துக்குப் போன் போட்டு, "மொட்டை போட்டுட்டு வர்றோம், டிக்கெட் எடுங்க" என்றாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சேர்வராயன் கோயிலுக்குத் தனபால்தான் வேன் ஓட்டினான். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். ஆனால் மொட்டைக்குத் தாய்மாமன் மடி வேண்டும். ஐயாக்கண்ணுக்குக் கால் மடங்காது. தனபால் சம்மணம் போட்டு உட்கார, ஆறடிப் பையன் அவன் மடியில் உட்கார்ந்தான். தனபால் மறைந்தே போனான்.

"எருமைக்கன்னு மாதிரி இருக்கறான். என்ற தொடை போச்சு!" என்று பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது. கத்தி ஓடும்போது பையனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எழுந்த பிறகு, சந்தனத்தை அவன் தலையில் தடவிக்கொண்டே, "அங்க போயி ஒழுங்கா நில்லுடா. மதில் இருந்தா மட்டும் ஏறாதே" என்றான்.

பட்டாளத்தில் சேர்கிற அன்றைக்கு பயிற்சி நடக்கிற தீவுக்கு அப்பா அம்மாவையும் படகில் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை தங்கும் இடத்தைக் காட்டிச் சோறும் போட்டு அனுப்புவார்களாம். திரும்பி வந்து சுதா எனக்குப் போன் பண்ணினாள்.

"பெரியம்மா, எல்லாப் பையனும் முடி வெட்ட வரிசையில நிக்கறான். இவனப் பாத்து வெட்டற ஆளு சிரிச்சுப்போட்டு, போ போங்கறான். வெட்டறதுக்கு என்ன இருக்குது?" அவளும் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "சோறு சுமாராத்தான் இருந்துச்சு. தின்னுக்குவான்."

இந்தத் தையில் தனபால் வீட்டு முறை வந்தது. இந்த வருஷமும் அவர்கள் பழமாகவேதான் விற்றிருந்தார்கள். நான் காவேரி வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன். வேனைக் களத்து மதிலோரம் நிறுத்திவிட்டு, கையில் அண்ணனின் தடியோடு குரங்கு விரட்டிக்கொண்டிருந்தான்.