மூன்றாவது கட்டத்தைத் திறந்த நாள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். கத்துகிற பெண்டாட்டி எவ்வளவோ தேவலாம் என்பார் என் வீட்டுக்காரர். அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் நான்கு நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம், புல்.

கோத்தா திங்கிப் பக்கம் பழைய ரப்பர் காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, மின்கம்பி கட்டி ஐந்து கட்டமாகப் பிரித்து, பதினொரு மாடு வைத்திருந்தோம். ஒரு கட்டம் மேய்ந்து முடிந்ததும் மாடுகளை அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். மேய்ந்த கட்டத்தைப் புல் முழங்காலை எட்டும்வரை தொடக்கூடாது. புல்லுக்கு நடுவே நான் பயற்றுக்கொடி நட்டிருந்தேன். கொடி இருந்தால் மண்ணுக்கு அதுவே சத்துக் கொடுக்கும், உரம் அதிகம் தேவைப்படாது. ஆனால் மாட்டுக்கு நாக்கு நீளம். உள்ளே விட்டதும் கொடியைத்தான் முதலில் தேடித் தின்னும். திரும்பத் தளிர்க்க நாள் கொடுக்காவிட்டால் கொடி அடியோடு போய்விடும்.

இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. "பாவம்லா, வேலிக்கு அந்தாண்ட பச்சையா இருக்கு, பாத்துக்கிட்டே நிக்குதுங்க" என்று மூன்றாவது கட்டத்தை இரண்டு தடவை பாதியிலேயே திறந்துவிட்டார். கொடி மொட்டையாகிப் போனது. புல் மஞ்சளடித்தது. முதுகு ஒடிய நட்டவள் நான், எனக்கு வயிறு எரியாதா? ஒரு பாட்டம் சண்டை போட்டேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சு நின்றாலும் வீடு நடக்க வேண்டுமே. மாட்டிடம் சொல்லிக்கொண்டோம். "ஏ செவலை, உங்க ஐயாவுக்குச் சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்பேன். "கறியில உப்புப் பத்தலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். செவலை நிறைசினை. அவளைப் போல ஒரு சாதுவான மாடு எங்களுக்கு வாய்த்ததில்லை. அசை போட்டபடி இரண்டு பேர் வம்பையும் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

பொங்கல் வைத்து முடித்த அன்று சாயங்காலம் மூன்றாவது கட்டத்துக்கு யூரியா வீசப் போனேன். கொடி போன இடத்தில் வேறு என்ன செய்வது? பண்டிகை நாளும் அதுவுமாக யார் உரம் போடுவார்கள் என்றால், என்னைப் போலக் கோபக்காரிதான் போடுவாள். பாதி மூட்டை மிஞ்சியது. தூக்கிக்கொண்டு வர அலுப்பாக இருந்தது. இனி மூன்று வாரத்துக்கு இந்தப் பக்கம் மாடே வராது என்று நினைத்து, மூட்டையை வேலிக் கம்பத்தில் சாய்த்து, வாயைக் கூடக் கட்டாமல் வந்துவிட்டேன். யூரியா வயிற்றுக்குள் போனால் மாட்டுக்கு விஷம். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். செவலையிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். கட்டத்தைக் கெடுத்தவர் அவர், அவரிடம் நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று வீம்பு.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டினோம். நான் உள்ளே வந்து பானை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மாட்டுப் பொங்கலும் அதுவுமா இன்னைக்கு ஒரு நாளாச்சும் வயிறார மேயட்டும்னு மூணாவது கட்டத்தைத் தொறந்து விட்டிருக்கேன். யாரும் கோவிச்சுக்க வேணாம்."

பானை கையை விட்டு நழுவியது. "எப்பங்க?"

"அரைமணி நேரம் இருக்கும்."

"ஐயையோ, யூரியா மூட்டை அங்கதாங்க கெடக்கு!"

இரண்டு பேரும் ஓடினோம். மூட்டை சரிந்து கிடந்தது. மற்ற பத்தும் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. செவலை மட்டும் மூட்டைப் பக்கத்தில் கால் பின்னித் தள்ளாடிக்கொண்டு நின்றாள். உப்பு என்று நினைத்து நக்கியிருக்கிறாள். உடம்பெல்லாம் துடித்தது. வாயில் நுரை தள்ளியது. இடது வயிறு உப்பிக்கொண்டே வந்தது.

அவர் மற்ற மாடுகளை வெளியே விரட்டினார். நான் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

"வினிகர் எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவும் வாங்கி, குளுந்த தண்ணியில கலந்து ஊத்துங்க. நான் பொந்தியான்ல இருக்கேன், ஒடனே கெளம்புறேன்" என்றார் டாக்டர்.

பொந்தியானிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வீட்டில் இருந்தது அரைப் போத்தல் வினிகர். இவர் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் பறந்தார். அவர் வரும்வரை நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "நில்லு தாயி, நில்லு" என்று கெஞ்சினேன். அவர் எட்டுப் போத்தலோடு வந்தபோது அவள் படுத்துவிட்டாள்.

அவர் தாடையைப் பிடித்தார், நான் ஊற்றினேன். "தலைய ரொம்பத் தூக்காதீங்க, புரையேறிடும்!" "நீ ஊத்து, ஊத்து!" பாதி உள்ளே போனது, பாதி என் மடியில் வழிந்தது. நாலாவது போத்தலில் ஒரு கத்துக் கத்தினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த மாட்டிடமும் கேட்டதில்லை. பிறகு கழுத்து தொய்ந்துவிட்டது.

அவர் செவலையின் வயிற்றில் கை வைத்தார். "உள்ள அசையுதுடி" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். அசைந்தது. என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

டாக்டர் வந்ததும் மூட்டையைப் பார்த்தார். "இதை யாரு இங்க வச்சது?" என்றார். நான்தான் என்றேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, உரம் போட்டா வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "சொன்னா டாக்டர். நேத்தே சொன்னா. நான்தான் மறந்துட்டேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார், அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடையே இவருக்கு மறதிக்காரர் என்று பேராகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது, "அண்ணே, பொண்டாட்டிய மறந்துட்டு வந்துடாதீங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். இவர் சிரிப்பார். கூடச் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் எதையும் மறக்கவில்லை. நான் சொல்லவேயில்லை.