பால்மாக் கூட்டம்

முனீப் முதலில் கழற்றியது மின்விசிறியை. அதற்குள் யாரோ கதைக்கிறார்கள் என்றான். பிறகு ரேடியோ, பிறகு மகளின் சைக்கிள், கடைசியில் ஜெமீலாவின் தையல் மெசின். கழற்றிய ஆணிகளையும் நட்டுகளையும் ஒரு பழைய சாரத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்கக் குந்தியிருப்பான். திரும்பப் பூட்ட மட்டும் அவனுக்கு ஏலாது.

ஜெமீலா கிண்ணியாவில் அபாயா தைப்பதில் பேரெடுத்தவள். அந்த மெசின்தான் அவளுடைய வருமானம். அது உதிரியாகக் கிடந்ததைப் பார்த்த அன்றுதான், புருஷனுக்கு வந்திருப்பது வெறும் முன்கோபமல்ல என்று தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள்.

முனீப் மணல் டிப்பர் ஓட்டுகிறவன். ஆற்று மணலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். இறக்கின கையோடு முதலாளி அடுத்த லோடுக்குக் கூப்பிடுவார். நித்திரை கொள்ளாமல் ஓட ஒரு வழி இருக்கிறதென்று கூட ஓடிய ஒருவன் காட்டிக்கொடுத்தான். கண்ணாடித் துகள் போல ஒரு சிட்டிகை ஐஸ் போதைப்பொருள். புகைத்தால் கண் மூடாது, பசிக்காது, உலகமே கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். முதலாளிக்கு அது தெரியும். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அவருக்குப் போதும்.

பிறகு கன்னம் ஒட்டியது, பல் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நிற்பதாகவும், ஜெமீலாவைப் பார்க்கத்தான் நிற்பதாகவும் சொல்லத் தொடங்கினான். ஒருநாள் அவளுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்தான். அடுத்தது தன்மேல்தான் கை விழும் என்று அவளுக்கு விளங்கியது. ஓதிப் பார்த்தாகிவிட்டது. டிஸ்பென்சரியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. கட்டிவைத்து அடித்தால் தெளியும் என்றார் அவளோடு கூடப்பிறந்த மூத்த நானா.

அந்த நேரத்தில்தான் போதை மீட்புத் திட்டம் ஒன்றோடு ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்கு வந்தது. பாலர் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஸெய்னுதீன் ஹாஜியார் தலைமை. நகரத்து ஓர்ஸ் ஹில்லிலிருந்து கீர்த்தனி என்ற உளவளத் துணையாளரைக் கூட்டி வந்திருந்தார்கள். பெரிய படிப்புப் படித்து, இதையே தொழிலாகச் செய்தவள். அவள் சொன்னது ஊருக்குப் பிடிக்கவில்லை. ஐஸுக்கு மாற்று மருந்தென்று ஒரு குளிசையும் இல்லை என்றாள். அடிக்கவும் கூடாது, ஊரைவிட்டு ஒதுக்கவும் கூடாது. வியாழக்கிழமைதோறும் வந்து இருந்து கதைக்க வேண்டும், வீட்டுக்காரருக்கும் பழக்கிக் கொடுக்க வேண்டும், சிறுநீர் சோதிக்க வேண்டும். சோதனையில் சுத்தமென்று வந்தால் அந்த இடத்திலேயே ஒரு சின்னப் பரிசு, ஒரு பால்மாப் பக்கட்டாவது, கையில் கொடுக்க வேண்டும்.

ஆண்கள் சிரித்தார்கள். ஒருநாளும் பாவிக்காதவனுக்கு யார் பரிசு தருகிறது என்று ஒருவர் கேட்டார். சின்னச் சின்னச் சந்தோசத்தை அந்த மூளை மறந்துபோயிருக்கும், திரும்பப் பழக்கத்தான் இது, பல நாடுகளில் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை என்று கீர்த்தனி பொறுமையாகச் சொன்னாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஊர் அன்றைக்கே பேர் வைத்துவிட்டது: பால்மாக் கூட்டம்.

கூட்டம் முடிந்ததும் ஜெமீலா கிணற்றடிப் பக்கம் போய் நின்று, கீர்த்தனி தனியாக வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கீர்த்தனி வீட்டுக்கு வந்தாள். முனீபிடம் ஐஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிப்பரின் கியர் பெட்டியைப் பற்றிக் கேட்டாள், மணல் ஈரமாக இருந்தால் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். போகும்போது, "வியாழக்கிழமை வாங்க நானா, மிச்சத்தை அங்க கதைப்பம்" என்றாள்.

அவன் போனான். முதல் வாரங்களில் பாதி நேரம் தூங்கி விழுந்தான், மீதி நேரம் எரிந்து விழுந்தான். ஒரு தடவை தவறினான். அதைத் தானே போய்ச் சொன்னான். கீர்த்தனி ஏசவில்லை, வந்து சொன்னது பெரிய காரியம் என்றாள். அன்றைக்குப் பக்கட் மட்டும் இல்லை. அடுத்த வாரம் பால்மாவோடு வந்து அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, மகள் ஷிஃபானாவைக் கூப்பிட்டு, "வாப்பாட சம்பளம்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்து, ஜெமீலா குசினிக் கதவுக்குப் பின்னால் போய் அழுதாள். அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மெசினையும் ஆளை வைத்துப் பூட்டித் தந்தான்.

வருசம் முடிவதற்குள் திட்டம் முடிந்தது. அப்படித்தான் முதலிலேயே எழுதியிருந்ததாம். நிறைவு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். திருந்திய ஒருவர் மேடையில் பேசினால் காசு தந்தவர்களுக்குக் காட்டலாம் என்று நிறுவனத்து அலுவலர் கேட்டார். ஹாஜியார் முனீபின் தோளில் கைபோட்டு, பத்துப் பேர் பார்த்துத் திருந்தட்டும், நன்மைதானே மகன் என்றார்.

கீர்த்தனி அலுவலரோடு சண்டை பிடித்தாள். "இது ஒரு நோயாளியின்ட சொந்த விசயம். இன்னும் ஒரு வருசமாவது அவர் ஆட்களுக்குப் பின்னால நிண்டுதான் சுகப்படோணும்" என்றாள். யாரும் கேட்கவில்லை. முனீபும் கேட்கவில்லை என்பதுதான் ஜெமீலாவுக்கு இன்றைக்கும் ஆறாத விசயம். ஊர் அவனை மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சேர்ட்டை அவனே ஸ்திரி போட்டான். மேடையில் நன்றாகத்தான் பேசினான். பெண்கள் பக்கம் இருந்து அவளும் கை தட்டினாள்.

அடுத்த நாளே படம் பேஸ்புக்கில் வந்தது, பேர் ஊரோடு. ஐஸ்காரன் கையில் லொறி கொடுத்தான் என்று நாளைக்குத் தன்னைப் பிடிப்பார்கள் என்று சொல்லி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். ஷிஃபானாவிடம் வகுப்பில் ஒருத்தி, உன் வாப்பா மூத்திரத்துக்குப் பால்மா வாங்கினவராமே என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சீருடையோடு கட்டிலில் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை வந்தபோது முனீப் பழக்கத்தில் பாலர் பாடசாலைக்குப் போனான். பூட்டிக் கிடந்தது. படியில் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தான். கீர்த்தனியை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலத்தில் நடந்த பொலிஸ் சோதனையில் அவனுடைய சட்டைப் பையில் இருந்த ஐஸ் அகப்பட்டது. நீதிமன்றம் தூரத்துப் புனர்வாழ்வு முகாம் ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே காலையில் ஓடவிடுவார்களாம், கல் சுமக்க விடுவார்களாம். இருந்து கதைக்க ஒருவரும் இல்லையாம்.

செய்தி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனி பஸ் ஏறி வந்தாள். ஜெமீலா கொண்டுவந்த தேத்தண்ணியைக் கதிரையில் இருந்தவள் தொடவில்லை.

"நான் அவரை அரைவழியில விட்டுட்டன் அக்கா."

"நீங்க விடல்ல மிஸ். ஒங்களக் கொண்டு போயிட்டாங்க" என்றாள் ஜெமீலா. ஆறுதலுக்காக அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை, அவ்வளவுதான். மற்ற எல்லோர்மேலும் இருந்தது. வீதியில் ஹாஜியார் சலாம் சொன்னால் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

புருஷனாலும் மகனாலும் இதே பாட்டைப் படுகிற பெண்கள் ஒவ்வொருவராக ஜெமீலாவிடம் வரத் தொடங்கினார்கள், துணி அளவு கொடுக்க வருகிற மாதிரி. மண்டபம் கிடையாது, சோதனைக் கருவி கிடையாது. கீர்த்தனி போனில் சொல்லிக்கொடுப்பதை வைத்து வியாழன் பின்னேரத்தில் ஜெமீலாவின் முன் அறையில் இருந்து கதைத்தார்கள். பிறகு ஆண்கள் இரண்டொருவரும் வந்தார்கள். அப்படி வந்த பெண்களில் சுலைஹா ராத்தாவின் மகன் றிஸ்கான் இப்போது ஒழுங்காகக் கடலுக்குப் போகிறான். இன்னொருவன் வந்த வேகத்தில் போய்விட்டான்.

முகாமிலிருந்து முனீப் திரும்பி வந்தபோது மெலிந்து, சத்தமில்லாத ஆளாக வந்தான். எதையும் கழற்றவில்லை. சந்தேகப்படவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வியாழக்கிழமை பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லி ஜெமீலா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"என்னத் திரும்ப ஆக்களுக்கு முன்னால இருத்தாத" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினான்.

அதன் பிறகு அவள் கேட்டதில்லை. வியாழன் பின்னேரம் வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கியதும் அவன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தால் இறங்கிப் போய்விடுவான். பாலத்தடியில் தனியாக இருப்பதைக் கண்டதாகச் சிலர் சொல்வார்கள். உள்ளே அவள் மற்ற வீட்டு ஆண்களிடம், தவறினாலும் வந்து சொல்லுங்க, ஏசமாட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் திரும்பி வரும்போது கையை, கண்ணை, பல்லைப் பார்ப்பாள். பார்ப்பது தெரியாதபடி சோற்றைப் போட்டு வைப்பாள்.