ராத்திரி வராத விமானம்

எங்கள் சோளக்காட்டை ஒட்டித்தான் விமான நிலையத்தின் சுற்றுச்சுவர். ஓடுதளத்தை நீட்டப்போவதாகப் பேச்சு வந்ததும் ஊரைக் கூட்டினார்கள்.

"இரவில் விமானம் இறங்காது, சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அதுதான் அரசுக் கொள்கை" என்றார் வந்திருந்த அதிகாரி. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. முந்தின வாரம்தான் அவருடைய ஆட்கள் வந்து, எங்கள் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் டேங்க்கின் உச்சியில் சிவப்பு விளக்கு மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இருட்டில் விமானிக்கு டேங்க் தெரிய வேண்டுமாம்.

எழுந்து கேட்டேன்: "ஏனுங்க, ராத்திரி வராத விமானத்துக்கு எதுக்குங்க லைட்டு?"

அவர் சிரித்தார். "அது சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

யாருக்கான எச்சரிக்கை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.