கோழிகளை அழைக்கிற குரல்

கோழி வளர்க்கிறவனுக்கு முதல் சிக்கல் தீனி இல்லை, நோயும் இல்லை. சாயங்காலம் அவற்றைக் கூட்டில் அடைப்பதுதான். முப்பது வருஷம் செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். என் விசிலுக்கு பஸ் நின்றிருக்கிறது, படியில் தொங்கிய காலேஜ் பட்டாளம் உள்ளே ஏறியிருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் மேய்ந்த ஐந்து கோழியும் ஒரு சேவலும் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நான் கத்தக் கத்த ஒவ்வொன்றாகக் கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அவை என் மனைவியின் கோழிகள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்ததும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வைகாசியில் கிளம்பிப் போனாள். "மூணே மாசந்தான். கோழியப் பாத்துக்கிடுங்க" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளும்படி கோழிகளிடம் சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

மரத்தில் ஏறின கோழியை அப்படியே விட்டால் விடிவதற்குள் மரநாய் தூக்கிவிடும். முதல் நாள் வேறு வழி தெரியாமல் அவளுக்கே போன் போட்டேன். "ஸ்பீக்கர்ல போட்டு மரத்துக்கு நேரா பிடிங்க" என்றாள். பிடித்தேன். "பே... பே... பே... வாங்க தாயி, வாங்க" என்று குரல் வந்ததுதான் தாமதம், ஆறும் தொப்புத் தொப்பென்று குதித்துக் கூட்டுக்குள் போயின. எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாளே அந்த அழைப்பை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னேன். அதிலிருந்து தினமும் போனைச் சட்டைப் பையில் போட்டு, அவள் குரலை ஓடவிட்டுக்கொண்டு கூட்டை நோக்கி நடப்பேன். அவை பின்னால் வரும்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஊர் உலகமெல்லாம் அருவியில் குளிக்க எங்கள் சாலை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நானோ கூடு நனையக் கூடாதே என்று தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்துக் கோழிகளை அடைத்து, தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். மழைக்கு பஸ் ஜன்னலில் ஷட்டரை இறக்கிப் பழகின கை. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை. நாலாம் நாள் திறந்தபோது எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு கோழிகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக்கும் அவை பிழைக்கவில்லை. பிறந்ததிலிருந்து சாரலில் கிடக்கிறவன் செய்த காரியம் இது.

அவளிடம் சொல்ல அரை நாள் தயங்கினேன். அவள் திட்டவில்லை.

"நனைஞ்சா கோழி உதறிட்டுப் போயிரும். மூச்சடைச்சாத்தான் தாங்காது. மேக்க இருந்து காத்தடிக்க பக்கத்த மட்டும் மறைங்க, மேல இடைவெளி விடுங்க. கீழ உமியப் போட்டு, ஈரமாச்சுன்னா அள்ளிட்டு மாத்துங்க. ஒரு மூலைல சாம்பலக் குவிச்சு வைங்க, அதுல பொரண்டா பேன் அண்டாது. நான் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

மூன்று மாதம் நீண்டுகொண்டே போனது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வரைக்கும் அம்மா இருக்கட்டும் என்றாள் மகள். "கோழிய யார்ட்டயாவது குடுத்துட்டு நீங்களும் வந்துருங்கப்பா" என்றாள். "வாயில்லா ஜீவன எப்படிம்மா விட்டுட்டு வர?" என்றேன். அது பாதிப் பொய். நான் ஒரு பெட்டியோடு ரயில் ஏறிவிடக் கூடிய ஆள். கோழிகள் அப்படியில்லை. அவையும் போய்விட்டால் அவள் திரும்பி வருவதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று பயந்தேன். குழாயடியில் முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் நிற்பதைப் பார்க்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதனால்தான் ஆவணியில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்ததும் விழுந்து விழுந்து கவனித்தேன். அவள் சொன்னபடி ஒற்றைப்படையாகப் பதின்மூன்று முட்டை. இடிக்கு முட்டை கூமுட்டையாகாமலிருக்கக் கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும். இதற்கெல்லாம் என்ன காரணம் என்று வாய் கேட்டது, கை சொன்னதைச் செய்தது. ஏழாம் நாள் போன் வெளிச்சத்தில் பார்த்துக் கருக்கூடாத முட்டைகளை எடுத்துவிட்டேன். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. முதல் வாரத்திலேயே கண்ணில் தடுப்பு மருந்துச் சொட்டு விட்டேன். வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தபிறகு ஓடுவதில் பிரயோஜனமில்லை. தின்னக் குருணை போட்டேன். காக்காய்க்கும் பருந்துக்கும் பயந்து, பகலில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். கொஞ்சம் வளர்ந்து வெளியே விட்டதும் கீரி இரண்டைப் பிடித்தது. மிச்சம் ஏழு. சாயங்காலமானால் ஏழும் தாயோடு சேர்ந்து என் பையிலிருந்து வந்த குரலுக்குப் பின்னால் ஓடி ஓடி வளர்ந்தன.

பொங்கலுக்குப் பத்து நாள் வந்தாள். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகப் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்று, "பே... பே... பே..." என்றாள். நான் கூட்டுப் பக்கம் நின்றிருந்தேன். பழைய மூன்று கோழியும் சேவலும் அவளைப் பார்த்துப் பறந்தடித்து ஓடின. இளசுகள் ஏழும் என்னிடம் ஓடி வந்தன. என் காலைச் சுற்றி நின்று, தலையைச் சாய்த்து, என் சட்டைப் பையை அண்ணாந்து பார்த்தன.

"எங்கோழி என்னய ஒங்க பைக்குள்ளல்லா தேடுது!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நானும் அங்கனதானட்டி தேடுதேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

அந்தப் பத்து நாளும் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டேன். தினமும் குழாயடியில் நின்று குருணையை இறைத்துக் கூப்பிட்டாள். இளசுகள் பக்கத்தில் வரும், சந்தேகமாகப் பார்க்கும், திரும்ப என் காலடிக்கே வந்துவிடும். கடைசி நாள் ஒரே ஒரு புள்ளிப் பெட்டை மட்டும் நேராக அவளிடம் போய்க் கையில் கொத்தித் தின்றது. "ஒண்ணாவது வந்துச்சே" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் போனைப் பையில் போட்டு, குரலை ஓடவிட்டு நடந்தேன். மற்றதெல்லாம் பின்னால் வந்து கூட்டுக்குள் போயின. புள்ளிப் பெட்டை மட்டும் வரவில்லை. குழாயடியில், அவள் நின்ற இடத்தில், அசையாமல் நின்றது. குரலை இன்னொரு தடவை ஓடவிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனை அணைத்துவிட்டு, அதைக் கையால் தூக்கிக்கொண்டு வந்தேன்.